நெல்லுக்கு மூக்கு கிடையாது

"எங்க களஞ்சியத்துக்குள்ள ஒரு மண்டலம் ஒக்காந்து மூச்சு வுட்டா போதும். அப்புறம் சாவற வரைக்கும் இன்ஹேலர தொட வேணாம். எவனாவது தொட்டான்னு கேள்விப்பட்டா, இந்த மீசைய எடுத்துடறேன்!"

புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் நின்று, டீக்கடையிலிருந்து பின்னாலேயே வந்த கூட்டத்தின் முன்னிலையில் இளவரசு இப்படிச் சூளுரைத்தார். சொன்னதோடு நிற்காமல், மனைவி கனிமொழியின் நீல நிற இன்ஹேலரை ஆற்றில் வீசினார். அது சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் இல்லை. இன்ஹேலர் மணலில் விழுந்து, வீசியவரையே பார்த்தபடி கிடந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்ச்சிகளுக்கு இயற்கை என்றுமே ஒத்துழைத்ததில்லை.

கனிமொழியின் இழுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இளவரசு அந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் சிமென்ட் வியாபாரம் பார்த்தவர். கீழே கடை, மேலே குடித்தனம். மூட்டை இறங்கும் நாட்களில் இட்லி மாவின் மேல்கூடச் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படியும். கடலூர் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல தூசு ஜாஸ்தியா?" என்று மட்டும்தான் கேட்டார். இளவரசுவின் காதில் அது தீர்ப்பாக விழுந்தது. அன்றே கடையை மச்சான் சிலம்பரசனிடம் ஒப்படைத்தார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்த இயற்கை வாழ்வு முகாமுக்குப் போய், ஒரு வாரம் தேங்காயும் தத்துவமும் மட்டுமே உண்டார். திரும்பி வந்தவர் சிமென்ட் என்ற பேரை எடுத்தாலே, உறவு முறிந்த சம்பந்தியின் பேரைக் கேட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குமராட்சிக்குத் தெற்கே அவர் குடும்பத்துக்குப் பாட்டன் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருந்தது. ஆள் உயர மேடை, ஒரு முழத்துக்குக் குறையாத கனத்தில் செங்கல் சுவர், குனிந்து நுழைய ஒரே கதவு. எலியும் ஈரக்காற்றும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று யோசித்துக் கட்டியது. கொள்ளிடத்து வெள்ளமே பலமுறை வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. அதைப் புதுப்பித்து 'ஊர் நல்வாழ்வுக் களஞ்சியம்' ஆக்குவது, அதில் முதல் ஆளாகக் கனிமொழியைக் குணமாக்குவது என்று இளவரசு முடிவெடுத்தார். குடித்தனத்தையும் அதன் பக்கத்திலேயே மாற்றிக்கொண்டார்.

சுண்ணாம்பு வந்தது. காரையில் கலக்கக் கடுக்காய் ஊறியது. வெல்லத்துக்குக் கொத்தனார் சொன்ன அளவு அவருடைய தாராள மனசுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு மடங்காகக் கொட்டினார். நல்வாழ்வுக் களஞ்சியத்தின் முதல் உறுப்பினர்களாக எறும்புகள் வரிசையில் வந்து சேர்ந்தன. உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்ததால் மருந்து தெளிக்கவும் வழியில்லை.

சிலம்பரசன் வந்து சுற்றிப் பார்த்தான்.

"மாமா, எல்லாம் சரி. ஒரு ஜன்னலாவது வெய்யுங்க."

"பாட்டன் வெக்கலியே."

"பாட்டன் உள்ள நெல்ல வெச்சாரு. நெல்லுக்கு மூக்கு கெடையாது மாமா. அக்காவுக்கு இருக்குது."

"பாரம்பரியத்துல ஓட்ட போடச் சொல்ற. சிமென்ட் விக்கறவன் வேற என்னா பேசுவ?"

"அது நீங்க வெச்ச கடதான்."

பாரம்பரியம் வென்றது. சுவர் முழுசாக நின்றது.

ஊர்ப் பெண்கள் ஒருநாள் ஆசனம் பழக வந்தார்கள். தைலம்மாள் கோரைப்பாயில் உட்காரக்கூட இல்லை. "நாள் பூரா குனிஞ்சு நாத்து நட்டுட்டு வரோம். சாயங்காலம் இவுரு மறுபடி குனியச் சொல்றாரு. குனியறதுக்கு எங்களுக்கு வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கூடவே மற்றவர்களும் போனார்கள். எறும்புகள் இருந்தன.

ஆக, ஊர் நல்வாழ்வு முழுவதும் கனிமொழியின் தலையில் விழுந்தது. தினம் காலையில் அவள் உள்ளே போவாள். கதவு சாத்தப்படும். வெளியே வரும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

"எப்டி இருக்குது?"

"நல்லா... இருக்குங்க."

"பாத்தியா! நெஞ்சு தெளியுது."

உண்மையிலேயே மதியத்துக்குள் தெளிந்துவிடும். ராத்திரி அவள் அசந்து தூங்குவதைப் பார்த்து இளவரசு பூரித்துப்போனார். மினிபஸ் கண்டக்டர் வரைக்கும் இந்தச் சேதியைக் கொண்டுசேர்த்தார். மண்டலம் முடிவதற்குள் சிதம்பரத்திலிருந்து ஒரு மகளிர் குழுவே திறப்பு விழாவுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று.

விழாவுக்கு முதல்நாள் பந்தலுக்குக் கயிறு தேடிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனார். கனிமொழி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னொரு இன்ஹேலர். வாயில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு அதை உதறிக் காதோரம் வைத்துப் பார்த்தாள், தீர்ந்துபோயிருந்தது போலும். பக்கத்தில் சிலம்பரசன் அக்காவுக்கு வாரா வாரம் மீன்குழம்பு கொண்டுவரும் தூக்குவாளி. அதில் குழம்பு மட்டும் வரவில்லை என்பது இளவரசுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சத்தம் போடாமல் பின்வாங்கினார். அவள் அவருக்காகக் குணமாகிக்கொண்டிருந்தாள்.

கயிறு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு மினிபஸ் ஏறினார். கீழவீதிப் பக்கம் ஒரு மெடிக்கலில் நின்று, "சொந்தக்காரங்க ஒருத்தருக்கு" என்று மூன்று தடவை சொன்னார். கடைக்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் குழு வந்தது. தலைவி தாட்சாயிணி சுவரைத் தடவி, "அடடா, என்ன குளுமை!" என்றார். எறும்பு கடித்ததைச் சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. இருபது பேர் உள்ளே நெருக்கி உட்கார்ந்தார்கள். கனிமொழி முன்வரிசையில், அத்தாட்சியாக. கதவு சாத்தப்பட்டது.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க," என்றார் இளவரசு. "மூச்ச உள்ள இழுங்க."

இருபது பேர் இழுத்த பிறகு அந்தக் களஞ்சியத்தில் கனிமொழிக்கென்று காற்று மிச்சமில்லை. அவள் தோள்கள் மேலேறின. விரல்கள் பாயைப் பிறாண்டின. எழுந்து ஓட வழியில்லை. ஓடினால் அவர் தலை குனியும் என்று, அவள் இருமலைக்கூட முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும் கண்ணத் தொறக்காதீங்க," என்றார் இளவரசு.

பூனைபோல நடந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். ஜிப்பா பையிலிருந்து எடுத்தார். மூடியைக் கழற்றினார், குலுக்கினார். கனிமொழி அந்த நீல நிறத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அதை அவள் வாயில் வைத்து அழுத்தினார்.

"இழுங்க... நிறுத்துங்க... அப்டியே மெதுவா வுடுங்க."

இருபது பேரும் விட்டார்கள். அவளுக்குப் போதவில்லை என்று கண்ணால் சொன்னாள்.

"இன்னொரு தடவ," என்றார் இளவரசு, கூட்டத்துக்குச் சொல்வதுபோல.