பட்டியலில் இல்லாத வீடு

மின்கணக்கு எடுப்பவருக்குத் தெரியும் அளவுக்கு ஒரு தெருவைப் பற்றி அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கே தெரியாது. யார் வீட்டில் புதிதாக ஏசி வந்திருக்கிறது, யார் வீட்டில் ஃபிரிட்ஜ் பழுதாகிக் கிடக்கிறது, யார் வீட்டில் ஆளே இல்லை என்பதையெல்லாம் மீட்டர் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடமாகத் தோள்பையும் டார்ச்சுமாகப் படியேறி இறங்கும் அவரை எல்லாரும் ‘மீட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருக்கும் அவர் கணவர்கூட, நடுக்கடலிலிருந்து போன் செய்தால், “என்ன மீட்டர், சாப்பிட்டாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பார்.

எட்டு வருடத்துக்கு முன் அக்காவின் தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பெரிய நகரத்துக்குப் போனார்கள். விடுதிக்கு வழியில்லை. பதினோரு நாள் மருத்துவமனை வராந்தாவில், செய்தித்தாள் விரித்து, காவலாளி எழுப்பும்போதெல்லாம் எழுந்து, மறுபடி படுத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட உடம்போடு தங்கை சிமெண்ட் தரையில் சுருண்டு கிடந்தாள். ஊர் திரும்பிய பிறகு, கூட வேலை பார்த்து மாற்றலாகிப் போயிருந்த தோழி போனில் திட்டித் தீர்த்தாள்.

“அடிப்பாவி, அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி என் வீடு பூட்டியே கிடக்குதே! சாவி பக்கத்து வீட்லதான் இருக்கு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“எப்படிடி கேக்குறது?”

“வாயாலதான்.”

அந்த மாதம் கணக்கெடுக்கப் போனபோது அக்கா ஓடாத மீட்டர்களை எண்ணினார். அவருடைய பகுதியில் மட்டும் நாற்பத்தொன்று. பிள்ளைகள் வெளிநாட்டில், வேலை வெளியூரில், பூட்டு மட்டும் உள்ளூரில். ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு, இன்னொரு பக்கம் வீடு இல்லாத ஆள். இதை விதி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. விதி எந்தக் கதவுக்கும் பூட்டுப் போட்டு நாம் பார்த்ததில்லை. மனிதர்கள் போட்ட பூட்டு அது, மனிதர்களே திறக்கலாம்.

தங்கை பிழைத்தாள். அவளையும் தோழியையும் சேர்த்துக்கொண்டு அக்கா ஒரு பட்டியலைத் தொடங்கினார். மூன்று வீடு ஏழானது, ஏழு பத்தொன்பதானது. சிகிச்சைக்கு, தேர்வுக்கு, நேர்காணலுக்கு, சும்மா கடல் பார்ப்பதற்கு என்று யார் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு வீடோ ஓர் அறையோ இருக்கும். விதிகள் மூன்றுதான். பட்டியலில் உள்ள ஒருவர் ‘இவருக்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல வேண்டும். பணம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தங்குகிறவர் வீடும் பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அக்காவே குறிப்பு எழுதுவார்: “இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. மருத்துவமனை பத்து நிமிட நடை. நாய் குரைக்கும், கடிக்காது. மாமா கடிக்க மாட்டார், ஆனால் அரசியல் பேசுவார்.”

எதிர்ப்பு முதலில் சொந்தத்திலிருந்துதான் வந்தது. அக்கா குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருக்கும் நாத்தனார், பள்ளி அலுவலகத்தில் எழுத்தர், சுத்தத்தில் பேர்போனவர்.

“சீக்காளி படுத்த கட்டில்ல நாம படுத்தா நமக்கும் வரும் அண்ணி.”

“புற்றுநோய் என்ன மூட்டைப்பூச்சியா, கட்டில்ல ஊர்ந்து வர்றதுக்கு?”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தன் வீட்டின் பின்னறையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடுத்த வாரமே வந்து நின்றார். “என் பெட்ஷீட்ட நானே துவைப்பேன், அத எழுதிடுங்க.”

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா தப்பு செய்தார்.

வேறு ஊரில் லைன்மேனாக இருக்கும் ஒருவர் தன் நண்பரின் குடும்பத்துக்குப் பொறுப்பேற்று அனுப்பினார். கேபிளுக்காக இவர் தோண்டும் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்க்காக இறங்குகிறவர் அந்த நண்பர், நகராட்சித் தொழிலாளி. மனைவியும் ஒன்பது வயது மகளும் கூட வந்தார்கள். சின்ன வயதில் வந்த கிருமித் தொற்றில் குழந்தையின் கருவிழி இரண்டும் வெளுத்துப் போயிருந்தன. கண் மருத்துவமனையில் பெயர் பதிந்து, மாற்றுக் கருவிழிக்காகக் காத்திருக்க வேண்டும். பதிவுக்கு வந்த அன்று அக்கா வீட்டில் காபி குடித்தபடி குழந்தையின் அப்பா தன் போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அக்கா, என் வீடு இதுல இல்லையே?”

“அது… உங்களுக்கு எதுக்கு தம்பி வீண் சிரமம்னு விட்டுட்டேன். ஒத்த ரூம்னு லைன்மேன் சொன்னாரு.”

“தங்குறவங்க வீடு பட்டியல்ல ஏறணும்னும் அவர்தானே சொன்னாரு. அப்ப நாங்க யாரு இங்க?”

தம்ளரை வைத்தார். பக்கத்தில், தங்குவதற்கு அக்கா கொடுத்திருந்த அறைச் சாவியையும் வைத்தார். கோபமே இல்லாமல் செய்தார். அதுதான் அக்காவைச் சுட்டது. ஊரில் உள்ள பாகுபாட்டையெல்லாம் திட்டித் தீர்த்தவர்தான் அவர். தன் இரக்கத்துக்குள் யாரும் தட்டாத கதவொன்று மூடியே இருந்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

“தப்பு என்னுதுதான் தம்பி. சொல்லுங்க, இப்பவே எழுதுறேன்.”

அவர் சொல்லச் சொல்ல அக்கா தட்டினார்: “ஒரே அறை. மாடிப்படிக்குக் கீழே தனிக் குளியலறை. தண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரை. தேர்வு மையம் ஐந்து நிமிட நடை. விருந்தினர் வந்தால் நாங்கள் பக்கத்தில் அண்ணன் வீட்டில் படுத்துக்கொள்வோம்.”

“புது மெத்தை இருக்குன்னும் போடுங்க அத்தை” என்றாள் குழந்தை. “நான்தான் குதிச்சுப் பாத்தேன். நல்லா இருக்கு.”

இருபதாவது வீடு ஏறியது. அப்புறம்தான் அவர் சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு முதலில் போனவர் நாத்தனார். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு அவருக்கு அந்த ஊரில் விழுந்தது. மூன்று நாள் தங்கிவிட்டு வந்தார்; தேர்விலும் தேறினார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “நல்லா இருந்துச்சு” என்றதோடு சரி. அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

ஐந்து மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மருத்துவமனையிலிருந்து அழைப்பு. இறந்துபோன யாரோ ஒருவரின் குடும்பம் கண்ணைத் தானம் செய்திருந்தது. மண்ணுக்குப் போகவிருந்ததைக் குழந்தைக்குக் கொடுத்த அந்த மனிதர்களைவிடப் பெரிய அற்புதம் எந்த மலை உச்சியிலும் நடந்ததில்லை. புதன் காலை அறுவை சிகிச்சை. மருத்துவர் ஒரு நிபந்தனை சொன்னார்: ஒரு வாரத்துக்கு மருத்துவமனைக்கு அருகில், தூசியில்லாத அறையில் குழந்தை இருந்தாக வேண்டும். அறை உறுதி இல்லையென்றால் கருவிழி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

செவ்வாய் மதியம் வேலை முடிந்து வந்த அக்கா, கட்டட வாசலிலேயே குடும்பம் பையோடு நிற்பதைப் பார்த்தார்.

“மேல விட வேணாம்னு சங்கச் செயலாளர் உத்தரவும்மா” என்றார் காவலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

லிஃப்ட் பக்கத்தில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘இரத்த உறவினர் அல்லாத எவரும் இரவு தங்கக் கூடாது.’ போன முறை அந்தக் குடும்பம் லிஃப்டில் ஏறியதை யாரோ பார்த்து, அவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். வங்கி மேலாளரும் ஆசிரியரும் தங்கிப் போனபோது எழுதப்படாத விதி இப்போது எழுதப்பட்டது.

“நாங்க ஆஸ்பத்திரி வராந்தாவுலயே பாத்துக்கறோம்கா. பரவால்ல.”

“பரவால்லன்னு சொல்லாதீங்க தம்பி. ஆஸ்பத்திரி வராந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அங்க படுத்தா கண்ணு போயிடும்.” நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டி மூவரையும் உள்ளே உட்கார வைத்தார். பிறகு கட்டடத்தின் பத்தொன்பது வீட்டு மணியையும் அழுத்தினார். மாலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத மனசு.

“இங்க பாரும்மா. ரத்த உறவுன்னா யாரும் கேக்கப் போறதில்ல.”

“அப்ப இன்னிக்கு ராத்திரி உங்க மனைவி எங்க படுப்பாங்க சார்? அவங்க உங்களுக்கு ரத்த உறவா?”

சிரிப்பு வெடித்தது. செயலாளரின் மனைவியே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“நீங்க லாட்ஜ் நடத்துறீங்க.”

“லாட்ஜுன்னா பில்லு இருக்கும். காட்டுங்க.”

நாலாம் மாடிக்காரர் ஒருவர் சமாதானம் பேச எழுந்தார். “இந்த ஒரு தடவை விடுவோம். பதிலுக்கு அவரும் நம்ம பின்பக்கச் சாக்கடை அடைப்பப் பாத்துட்டுப் போகட்டுமே.”

அக்கா திரும்பிய வேகத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டாம் மாடி பல் டாக்டர் விருந்துக்குப் போற வீட்ல எல்லாம் பல்லு புடுங்கிட்டா வர்றாரு? அவர் இங்க வேலைக்கு வரல. மகளுக்குக் கண்ணு வாங்க வந்திருக்காரு.”

பல் டாக்டர் பலமாகக் கை தட்டினார்.

செயலாளர் விடவில்லை. “நண்பர், நண்பர்னு சொல்றீங்களே. நட்புன்னா ரெண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கணும். அந்த ஆள் வீட்ல நீங்க தங்குவீங்களா? இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல ஒருத்தர் தங்குவாங்களா?”

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. நாத்தனார் எழுந்து நின்றார்.

“நான் தங்கினேன். மூணு நாள். நான் சோப்புலேர்ந்து பெட்ஷீட் வரைக்கும் கையோட கொண்டு போற ஆளுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். கொண்டு போன பையத் தொறக்கவே இல்ல. ஆறு மணித் தண்ணிய எனக்குன்னு புடிச்சு வெச்சுட்டு, அந்தம்மா தெருக்குழாய்ல வரிசையில நின்னாங்க. பரீட்சைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். எங்க அண்ணி வீட்டு பாத்ரூமவிட அவங்க பாத்ரூம் சுத்தம். சந்தேகம் இருந்தா ரெண்டையும் போய்ப் பாருங்க.”

“என்னை எதுக்குடி இழுக்குற?” என்றார் அக்கா.

“உண்மையச் சொல்ல வேணாமா அண்ணி?”

இந்தச் சிரிப்பில் செயலாளரின் கேள்வி கரைந்தே போனது. கை தூக்கச் சொன்னார்கள். அறிவிப்பைக் கிழிக்கப் பதினான்கு பேர். வைத்திருக்க நான்கு பேர். செயலாளரின் மனைவி யாரையும் பார்க்காமல் பதினைந்தாவது கையைத் தூக்கினார். காகிதத்தைக் கிழிக்க ஒருவரும் நகரவில்லை என்றதும், காவலாளியே போய் நான்கு மூலையிலும் நகத்தால் சுரண்டிப் பெயர்த்தெடுத்தார்.

மூவரும் லிஃப்டில் மேலே போனார்கள். பித்தானை அழுத்தும் உரிமையை அக்கா குழந்தைக்குக் கொடுத்தார். தடவிப் பார்த்து, ஒரு தவறான மாடிக்கும் போய்விட்டு, அக்கா வீடு இருக்கும் மூன்றாம் மாடியில் இறங்கினார்கள். அங்கே அறையை நாத்தனார் மூன்று முறை துடைத்திருந்தார். புதன் காலை கருவிழி பொருத்தப்பட்டது. ஒரு வாரமும் குழந்தை அந்த அறையில் இருந்தாள். பல் டாக்டர் தினமும் வந்து கதை சொன்னார், எல்லாம் பல்லைப் பற்றிய கதைகள். அடுத்த இரண்டு மாதத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து மட்டும் ஆறு வீடுகள் பட்டியலில் ஏறின.

மறு பரிசோதனைக்கு வந்த நாளில், குழந்தை அக்கா வீட்டு வாசலில் நின்று உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவர், ஜன்னல், அக்காவின் முகம். அந்த முகத்தில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. பிறகு தலையை அண்ணாந்தாள்.

“அய்யய்யோ அத்தை, ஃபேன்ல எவ்ளோ ஒட்டடை!”

அக்கா அழுதுகொண்டே நாற்காலியைத் தூக்கிப் போட்டு ஏறினார்.