அப்பா மைக்கில் சொன்ன சாட்சி

பிள்ளைங்களா, நேத்து ஷிப்ட் முடிஞ்சு ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினேன். ஒருத்தர் கை மைக்கில் இயேசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மைக் கீச்சென்று கத்தியதும் எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் மைக் பிடித்துப் பேசி ஊழியம் செய்வார். நான் பைபிள் வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுப்பேன். வியர்த்த விரலெல்லாம் அச்சு மை ஒட்டும்.

எட்டு வயதிலும் நான் தூக்கத்தில் பாயை நனைப்பேன். வெளியே யாருக்கும் தெரியாது. “ஜெபம் பண்ணுங்கப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றேன்.

“சொல்லுவேனாடா? நமக்கும் இயேசப்பாவுக்கும்தான்” என்று தலையில் கை வைத்தார்.

அந்த ஞாயிறே என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி மைக்கில் பேசினார். “இதோ, என் மகன். தினமும் பாயை நனைச்ச பிள்ளை. கர்த்தர் சுகமாக்கினார்.”

அன்று காலையும் பாய் நனைந்துதான் இருந்தது. அம்மா அதை வெயிலில் போட்டதை அப்பாவும் பார்த்தார்.

வீடு திரும்பும்போது என் தோளைத் தட்டினார். “கர்த்தர் உனக்குச் செஞ்ச சாட்சியைக் கேட்டு ரெண்டு பேர் ஜெபத்துக்கு வந்தாங்கடா.” அவ்வளவு சந்தோஷமாக இருந்தவரிடம் என்ன சொல்வது?

கூட்டத்தில் என் வகுப்பு சேகரும் நின்றிருக்கிறான். மறுநாள், “இன்னாடா, இன்னிக்குப் பாய் காஞ்சிச்சா?” என்றான். வகுப்பே சிரித்தது. அதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. பிறகு எதையுமே சொல்லவில்லை.

நேற்று அந்த மைக் பிடித்தவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தலைகுனிந்து நின்றாள். “இது என் மக. இவளுக்கு...” என்று அவர் ஆரம்பித்தார். அவள் நீட்டிய கைப்பிரதியை வாங்கிக்கொண்டு, மீதி காதில் விழுவதற்குள் வேகமாக நடந்துவிட்டேன்.