ஓடாத நாடி

கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வார்டில் படுத்திருந்த டொக்டரம்மாவுக்குக் காலைச் சாப்பாடு அது. எதிர்ப்பக்கத்துப் பார்மசிக்காரர், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், செருப்புக்கூடப் போடாமல் வீதியைக் கடந்து ஓடி வந்தார். மடவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடை திறக்கிற மனிதர். எங்கள் வரிசையில் தொலைபேசி அவரிடம்தான் இருக்கிறது.

“தங்கச்சி, கஞ்சிய வைங்க. டொக்டரம்மா மௌத்தாகிட்டாங்க.”

“சூடு ஆறிடும் நானா” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினேன். டொக்டரம்மா இறந்துவிட்டார் என்று அவர் சொன்னது பிறகுதான் காதில் ஏறியது.

டொக்டர் மங்கையற்கரசியை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தார். இளம் வயதில் அரசாங்க வேலைக்கென்று கண்டிக்கு வந்து, பிறகு வேலையை விட்டுவிட்டுக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்தார். கலியாணம் செய்யவில்லை. கடவுளை நம்பவில்லை. இருதய வைத்தியத்தில் கெட்டிக்காரர். வாயோ, ஐயோ, அந்த வாய்! நெஞ்சு நோகிறது என்று வந்த ஒரு பருத்த முதலாளியிடம், “உமக்கு நெஞ்சு நோகேல்லை. உம்மாலைதான் நெஞ்சுக்கு நோகுது” என்று சொல்லி அனுப்பியவர்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் கிராமத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள் என்பதுதான் எனக்கிருக்கும் தகுதி. முருகா, நீதான் கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டும்.

எங்களுக்குக் கடுகண்ணாவையில் சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. எண்பத்து மூன்றில் தமிழர்களை அடித்த ஆடிக் கலவரத்தில் அதை எரித்தார்கள். நானும் வீட்டுக்காரரும் அன்று கோயிலுக்குப் போயிருந்தோம். கடையில் இருந்தவன் அவருடைய தம்பி சுந்தரம். தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் கையில் வளர்ந்தவன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வெளியே கேட்ட குரல்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டிருக்கிறான். எல்லாம் தெரிந்த குரல்கள். ஒருவர் அன்று காலைதான் எங்களிடம் மண்ணெண்ணெய் வாங்கிப் போனவர். அந்த எண்ணெயைத்தான் எங்கள் கூரையில் ஊற்றினார். சுந்தரம் பின் ஜன்னலை உடைத்துக்கொண்டு ரயில் பாதை வழியே ஓடித் தப்பினான்.

அகதி முகாமில் நோயாளிகளைப் பார்க்க வந்த டொக்டரம்மாதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளைத் தந்தார். நான் காலில் விழப் போனேன்.

“எழும்பும், எழும்பும். தர்மம் செய்யிறன் எண்டு நினையாதையும். எனக்குச் சமைக்க ஆள் வேணும். உப்பு அளவாப் போடுவீரோ?”

அதுதான் அவர் எங்களை வரவேற்ற விதம்.

சுந்தரம் தப்பி வந்தானே ஒழிய, அவன் நெஞ்சு ஓடுவதை நிறுத்தவில்லை. எங்கேயாவது ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், சட்டைக்கு மேலாகவே துடிப்புத் தெரியும். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று நான் வேப்பிலையும் திருநீறுமாகத் திரிந்தேன். டொக்டரம்மா அவனைப் படுக்க வைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, பட்டையாக ஓடும் கடதாசியில் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் கதிரைகளில் உட்கார வைத்தார்.

“நல்ல நெஞ்சு. இதைவிட நல்ல நெஞ்சு கண்டியிலை இல்லை. வடிவாக் கேளுங்கோ. நெஞ்சின்ரை வலப்பக்க மேல் அறையிலை ஒரு துண்டுத் தசை இருக்கு. அதுதான் தாளம் போடுறது. அதுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, தானாவே போடும். மூளையிலை இருந்து வாற நரம்பு ஒண்டு, ‘மெதுவா, மெதுவா’ எண்டு அதை இழுத்துப் பிடிச்சபடி இருக்கும். பயம் வந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற சுரப்பி அட்ரினலினை ரத்தத்துக்குள்ளை கொட்டும். அது போய்த் தாளக்காரன்ரை கதவைத் தட்டும். தட்டினால் அவன் ஓடத்தான் வேணும். இவன்ரை சுரப்பிக்குக் கலவரம் முடிஞ்சது இன்னும் தெரியேல்லை. அவ்வளவுதான்.”

“அப்ப பேய் இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“பேய் இருக்கு. அது கடுகண்ணாவையிலை கடை எரிக்குது. இவன்ரை நெஞ்சுக்குள்ளை இல்லை.”

சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று தந்தார். அது போய் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு குந்தியிருக்குமாம். அட்ரினலின் வந்தாலும் தட்ட இடம் கிடைக்காதாம்.

“வாசல்ல உட்கார்ந்து காக்கிறது எங்க பிள்ளையார் இல்லீங்களா!” என்றேன்.

“ஓம், ஓம். உம்மடை பிள்ளையாரைத்தான் நானா போத்திலிலை போட்டு விக்கிறார். நேரத்துக்கு எடுக்கச் சொல்லும். திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் அடைச்ச கதவு எல்லாம் ஒண்டாத் திறக்கும்.”

சுந்தரம் தேறினான். கண்டியில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். குளிக்கும்போது பாடத் தொடங்கினான். “அண்ணி, இப்ப என் நெஞ்சு இருக்கா இல்லையான்னே தெரியல” என்று சிரிப்பான். அவனுக்குப் பெண் பார்க்கவும் தொடங்கினோம்.

பிறகு போர் முற்றியது. கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் எங்கள் ஆண்களை ராணுவத்தார் வீதியில் வரிசையாக நிறுத்துவார்கள். அடையாள அட்டை பார்ப்பார்கள், ஊர் கேட்பார்கள். அந்த நாட்களில் வந்த ஓர் அதிகாரிக்குத் தனிப் பழக்கம் ஒன்று இருந்தது. கேள்வி கேட்டுக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். நாடி ஓடினால் பொய் சொல்கிறான் என்று பிடிப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். பயந்துபோன பலர் மாத்திரை கேட்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். டொக்டரம்மா எல்லோரையும் ஏசித் துரத்தினார். சுந்தரம் மட்டும் நோயாளி. அவனுக்கு மட்டும் வழக்கம்போலக் கொடுத்தார். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். எனக்கோ நிம்மதி.

ஒரு காலை எங்கள் வாசலிலேயே வரிசை நின்றது. நான் ஜன்னலோரம் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன். சுந்தரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் மரக்கறி விற்கிறவர். அதிகாரி கையைப் பிடித்ததும் அவர் நின்ற இடத்திலேயே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை நனைத்துக்கொண்டார். சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்து, “யன்ன” என்று அவரைப் போகவிட்டார். அடுத்து சுந்தரத்தின் கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை.

“மூட்ட பய நே” என்றார். இவனுக்குப் பயமே இல்லையே என்று அர்த்தம். புலிகளிடம் பயிற்சி எடுத்தவன் என்பதுபோல “ட்ரெயினிங்” என்று ஒரு சொல்லும் சொன்னார்.

பயந்து நடுங்கியவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நாடி ஓடாதவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

என் கத்தல் கேட்டு டொக்டரம்மா நோயாளியை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். சிங்களத்தில் அவர் மளமளவென்று பேசியது எனக்கு முழுவதும் விளங்கியது. இவன் என் நோயாளி, அந்த அமைதி இவனுடையது அல்ல, என் மருந்தினுடையது என்றார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“குற்றம் செய்யாதவனுக்குப் பயம் வராமலிருக்க மருந்து எதற்கு, டொக்டர்?”

“நீங்கள் அவனுடைய கடையை எரித்ததால்.”

அவர் டொக்டரம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். “உங்களுக்கு மிகவும் வேகமாக அடிக்கிறது. வயதான காலம். ஓய்வெடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த நாள் டொக்டரம்மா படக் கடதாசிகளை எடுத்துக்கொண்டு ராணுவ முகாமுக்குப் போனார். நானும் வீட்டுக்காரரும் பின்னால் போனோம். ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வைத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், இவனும் எல்லோரையும் போலப் பயந்தவன்தான் என்பது தெரியும் என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த மாத்திரையை மட்டும் அன்றே பறித்து நிறுத்தினார்கள்.

திரும்பப் போனபோது அந்த அதிகாரி சொன்னார்: “நீங்கள் சொன்னது சரிதான் டொக்டர். இப்போது பயங்கரமாக ஓடுகிறது. மறைக்க ஏதோ இருக்கிறது.”

டொக்டரம்மா மாத்திரைப் போத்தலை நீட்டினார். “இதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் செத்துப்போவான்” என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். போத்தலை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள். அது அங்கேயேதான் இருந்தது. பிறகு நாங்கள் போன போதெல்லாம் அதைப் பார்த்தோம்.

அந்தக் கிழமை முடியுமுன் ஆள் அனுப்பினார்கள். சுந்தரம் மாரடைப்பில் இறந்துவிட்டானாம். இவ்வளவு காலமும் வைத்தியம் பார்த்தவர் இவனுக்கு இருதய நோய் இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் உடலைத் தருவார்களாம். இல்லையென்றால் அவர்களே அடக்கிவிடுவார்களாம்.

“மாட்டன்” என்றார் டொக்டரம்மா. “கேட்டியளோ? அந்தப் பெடியன்ரை நெஞ்சிலை ஒரு குறையும் இல்லை. பயத்தை ஊத்தி ஊத்தி அடிச்சுச் சாகடிச்சுப்போட்டு, என்னை நோய் எண்டு எழுதட்டாம். எழுதினால் சாகடிச்சது அவங்கள் இல்லை, இவன்ரை நெஞ்செண்டு ஆகும்.”

“எழுதுங்கம்மா. அவன் அனாதையில்ல. தெரியாத குழியில கிடக்கக் கூடாது. அண்ணன் கையால கொள்ளி வாங்கிட்டுப் போகட்டும்” என்றேன்.

“செத்தவனுக்கு நெருப்பு என்ன, மண் என்ன?”

“உங்களுக்கு ஒண்ணுமில்லாம இருக்கலாம். எங்களுக்கு அவன் போற வழி அது.”

வீட்டுக்காரர் டொக்டரம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். டொக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து, அவர்கள் கேட்டதை எழுதினார். அவர் தன் வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் உடலை வாங்கினோம். மகியாவை மயானத்தில் தகனம் செய்தோம். டொக்டரம்மா அங்கே வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது என்னிடம் சொன்னார்:

“உம்மடை தம்பிக்கு நெருப்புக் கிடைச்சிட்டுது. இனி ஒருத்தரும் அவங்களைக் கேள்வி கேக்கேலாது. சந்தோசமோ?”

அவரை எழுதச் சொன்னது சரியென்றே இன்றைக்கும் சொல்வேன். அவரும் அது பிழையென்றே கடைசிவரை சொன்னார். இரண்டு பேரும் மனம் மாறவில்லை. நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். உப்புக் கூடிப்போச்சு என்றார். அவன் பேரை மட்டும் அந்த வீட்டில் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நோயாளிகளுக்கு அந்தத் தாளக்காரன் கதையையும் அவர் பிறகு சொல்லவில்லை. மருந்து எழுதுவார், “போம்” என்பார், அவ்வளவுதான்.

அவருடைய சொந்தக்காரர்கள், போரில் பாதை மூடியிருந்ததால், யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் போனவர்கள் நாங்களும், பார்மசி நானாவும், ஏச்சு வாங்கிய நோயாளிகளும்தான். சடங்கு வேண்டாம் என்று உயிரோடிருக்கும்போது சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நான் மீறினேன், ஐயரை வரவழைத்தேன். கொள்ளி வைக்க என் வீட்டுக்காரர் முன்னால் போனபோது ஐயர் தடுத்தார்.

“நீங்க மலைநாட்டுப் பக்கம். அம்மா யாழ்ப்பாணம். என்ன உறவுமுறை?”

வீட்டுக்காரர் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

“என் தம்பிக்குக் கொள்ளி வாங்கித் தந்தவங்க” என்றார்.

ஐயர் நெருப்பை அவர் கையில் கொடுத்தார். மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் உடனே பற்றிக்கொண்டது.

போய்ச் சேருங்கள் டொக்டரம்மா. நீங்கள் நம்பாத இடமாக இருந்தாலும், அங்கே சுந்தரம் உங்களுக்காகக் கதிரை போட்டு வைத்திருப்பான். ஏச வேண்டுமென்றால் நான் வரும்வரைக்கும் பொறுத்திருங்கள்.