பிஸ்கட் டப்பாவில் சேர்ந்த மிச்ச மாத்திரைகள்

2005ஆம் வருடம், மாம்பழ வரத்து குறையத் தொடங்கிய சமயம். ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய காலனி ஒன்றில் குடியிருந்தோம். உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பொருளை நல்லது என்று ஒப்புக்கொள்வதற்கு முன் நூறு காரணம் கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு அதையே சம்பளமில்லாமல் வீட்டில் செய்து வந்தேன்.

வீட்டில் அதற்கு வேலையும் இருந்தது. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிப்பதற்காகக் கையில் செய்த அறுவை சிகிச்சை இரண்டு முறையும் தோற்றுப்போனது. மிச்சமிருந்தது வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அதை அழுக்கோடு வெளியே வடிக்க வேண்டும். தினமும் நான்கு தடவை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கிருமி மட்டும் உள்ளே போய்விடக் கூடாது.

அதற்காக ஓர் அறையையே ஒதுக்கினேன். பை மாற்றும்போது ஜன்னல் சாத்தியிருக்கும், மின்விசிறி நின்றிருக்கும், இருவர் வாயிலும் முகமூடி இருக்கும். பல்லிக்குக்கூட அனுமதியில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை விட்டார்கள். அதை ஒரு கூடுதல் நன்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்படியிருந்தும் ஒரு நாள் காலையில் வடிந்து வந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தது. அவளுக்கு வயிற்று வலியும் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு, அவளையும் காரில் ஏற்றி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு ஆன்டிபயாடிக்குகளை அடுத்த பையிலேயே கலந்து வயிற்றுக்குள் செலுத்தினார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்றார்கள்.

தெளியவில்லை. மூன்றாம் நாள் இன்னும் கெட்டியாகக் கலங்கியது. பரிசோதனை முடிவும் வந்தது. வழக்கமான மருந்து எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லையாம். மீதியிருந்தது ஒரே ஒரு மருந்து.

எங்களைக் கவனித்த டாக்டரம்மா மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னட வாடையடிக்கும் தமிழில் பேசுவார். "இந்த மருந்து போட்டுப் பார்க்கிறேன் சார். தெளியலேன்னா குழாயை எடுக்கத்தான் வேணும். வெச்சிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார். குழாயை எடுத்தால் அவளுக்கு அடுத்து என்ன வழி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு வழியில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்காங்களா?"

"சான்சே இல்லை" என்றேன். என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை நுழையுமா?

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவருக்குத் தெரியாது டாக்டர். நான் சாப்பிட்டிருக்கேன். தும்மல் வந்தா ஒண்ணு, தொண்டை கரகரத்தா ரெண்டு. வருஷக்கணக்கா."

எங்கள் காலனியில் பாதி வீடு மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஷிப்ட்காரர்கள் வீடு. காய்ச்சல் என்று லீவு போட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். அதனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு வேளை விழுங்குவார்கள். காய்ச்சல் இறங்கியதும் வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்ச மாத்திரையை வீணாக்கக் கூடாதல்லவா? என் மனைவியிடம் கொடுத்து வைப்பார்கள். அடுத்து யாருக்காவது முடியவில்லை என்றால் வந்து வாங்கிப்போவார்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கலர்கலராக வைத்திருந்திருக்கிறாள். தனியாக வந்து கிடக்கிற குடும்பங்களுக்கு ஒத்தாசை. நல்ல மனசுதான். பல்லிக்குத் தடை போட்ட நான், சமையலறை அலமாரியின் மேல்தட்டைச் சோதித்ததில்லை.

"இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆஸ்பத்திரியிலேயும் இந்த மாதிரி கிருமி உண்டு. ஆனா அரைகுறையா மருந்து சாப்பிட்டா, சாகாத கிருமிதான் மிஞ்சும். அதுக்கப்புறம் அந்த மருந்தைக் கண்டா அதுக்குப் பயமில்லே."

புது மருந்து ஏறத் தொடங்கியது. வடிந்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அதன் வழியே எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார் நர்ஸ். முதல் நாள் தாள் இருப்பதே தெரியவில்லை. மறுநாள் தலைப்புச் செய்தி கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே குனிந்து பார்த்தாள்.

"தக்காளி விலை சரிஞ்சிருச்சாம்" என்றாள்.

"ராயக்கோட்டை மார்க்கெட்டா, ஓசூரா?" என்று மட்டும் கேட்டேன்.

குழாய் தப்பியது. ஆனால் நீர் தெளிந்தாலும் மூன்று வாரம் மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லி, பையில் எப்படிக் கலப்பது என்றும் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மருந்து அவளைப் பாடாய்ப் படுத்தியது. சோறு இறங்கவில்லை, குமட்டல் ஓயவில்லை. அதற்கு நடுவில் அவள் தம்பி மகளுக்கு வேப்பனப்பள்ளியில் நிச்சயதார்த்தம் வந்தது. தம்பி நேரில் வந்து, பழக்கமான இடத்தில், கதவுக்கு வெளியே நின்றார்.

"தண்ணிதான் தெளிஞ்சிருச்சே அக்கா. இன்னும் எதுக்கு மருந்து? ரெண்டு நாள் நிறுத்திட்டு வா. தோட்டத்துல புழு செத்துருச்சுன்னா நாங்க மருந்தடிக்கிறத விட்டுடறோமில்ல?"

"செத்ததத்தான் நீ பாத்த. சாகாதது எலைக்கு அடியில இருந்தா?" என்றாள். "பொண்ணுக்கு என் வளையலக் கொண்டுபோயிப் போடு. கல்யாணத்துக்கு நானே வர்றேன்."

அவர் என்னை முறைத்தார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பெருமை எனக்குச் சேராது.

இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று அவளுக்கு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் வந்தாள். கணவனுக்குக் காய்ச்சல், மறுநாள் முதல் ஷிப்ட்.

"அக்கா, அந்தச் செவப்பு மாத்திர ரெண்டே ரெண்டு குடுங்க. காலைல அவரு போயே ஆகணும்."

"டப்பா இல்லம்மா. எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"போன மாசம் நான் குடுத்ததுதானே அக்கா அது? மனசில்லன்னா நேராச் சொல்லிடுங்க."

என் மனைவி மெல்ல எழுந்து சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, சேலையை ஒதுக்கி வயிற்றிலிருந்த குழாயைக் காட்டினாள். "இது போயிருந்தா நான் போயிருப்பேன். மிச்சம் மிச்சமாத் தின்னு தின்னு, கடைசியில எனக்கு ஒரே ஒரு மருந்துதான் மிஞ்சுச்சு. உன் வீட்டுக்காரருக்கு அந்த ஒண்ணாவது மிஞ்சட்டும்."

அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள். கணவனை டாக்டரிடம் கூட்டிப்போனாளா, மருந்துக்கடைக்குப் போனாளா என்று தெரியாது. கொஞ்ச காலம் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. கைவசம் மருந்து இருந்தும் தரமாட்டேன் என்கிறாள், திமிர் பிடித்தவள் என்ற பேச்சு காதுக்கு வந்தது. ஊராரிடம் கெட்ட பெயர் எடுப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அவளுக்கு அது புதிது. இருந்தும் யார் கேட்டாலும் அதே பதிலைச் சொன்னாள்.

மூன்று வாரம் முடிந்தது. கடைசிப் பையில் மருந்தைக் கலந்தபோது அவள் வயிறு காலி, முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் ஊசியில் ஒரு சொட்டாவது மிச்சமிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனாள். அதற்குப் பிறகும் அந்தக் குழாயோடு பல வருடம் வாழ்ந்தாள். கடைசியில் அவளைக் கொண்டுபோனது இதயம், கிருமி அல்ல.

விதிமுறைகளைச் சுவரில் ஒட்டுவது சுலபம் என்பது எனக்கு உத்தியோக காலத்திலேயே தெரியும்; உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகும் குமட்டலோடு மீதி மருந்தை ஏற்றிக்கொண்ட அவளுடைய பிடிவாதத்தைத்தான், நல்ல வேலைக்கு அளவுகோலாக இன்றுவரை நான் வைத்திருக்கிறேன்.