எந்த வீட்டை முதலில் கேட்பது

மின்சார அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு மேலே ‘விசாரணை’ என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழே வருடக்கணக்கில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் பலகையே ஆளுக்குப் பெயராகிவிடாதா? ஆகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் ‘விசாரணை அக்கா’ என்றார்கள். மேலதிகாரி “விசாரணையைக் கூப்பிடு” என்றார். கடைத்தெருவில் நின்று காய் பொறுக்கும்போதுகூட யாராவது, “நீங்க விசாரணைதானே?” என்று பிடித்துக்கொண்டு, அங்கேயே தங்கள் மீட்டர் கதையை ஆரம்பித்துவிடுவார்கள்.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்குப் படிப்பு ஆசை வந்ததற்கு அறிவுத் தாகம் ஒன்றும் காரணமில்லை. எரிச்சல்தான் காரணம். மீட்டரில் பெயர் மாற்ற வருகிறவரை அவள் மூன்றாம் ஜன்னலுக்கு அனுப்புவாள். மூன்றாம் ஜன்னல் அவரை மாடிக்கு அனுப்பும். மாடி அவரைத் திரும்பவும் விசாரணைக்கே அனுப்பும். “யாரும்மா இந்த ரூலைப் போட்டது?” என்று அவர்கள் கத்துவார்கள். “மேலிடம்” என்பாள். ஒரு நாள், ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “மேலிடம்னா யாரு? மாடியா? அங்கதானே போய்ட்டு வர்றேன்?” என்று கேட்டார். விசாரணை திருதிருவென்று விழித்தாள். பதில் தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த மாதமே பல்கலைக்கழகத்தில், வேலை பார்க்கிறவர்களுக்காகச் சனி ஞாயிறுகளில் நடத்தும் அரசியல் அறிவியல், பொதுக் கொள்கைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. அதே கட்டடத்தில் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கணவர், “எந்தக் கட்சின்னு சொல்லிட்டா போஸ்டர் நானே அடிச்சுத் தந்துடுவேன்” என்றார். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், “நான் பரீட்சைக்குப் பயந்தா மட்டும் திட்டுவ இல்ல, இப்ப தெரியும்” என்று போனில் சிரித்தாள். அண்ணன்தான் நிஜமாகவே குழம்பிப் போனான். “அரசியலைப் போய் எதுக்குப் படிக்கணும்? அது தானா வர்றதுதானே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

யார் ரூல் போடுகிறார்கள் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், மிச்ச வகுப்புகளுக்கு மரியாதைக்காகப் போய் உட்கார்ந்தால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நீளமான அறை. ஒரு மின்விசிறி சுற்றும், இன்னொன்று யோசிக்கும். பாடம் எடுத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிற ஒரு மேடம். சட்டத்தைப் போடுவது சட்டமன்றம் என்றார். விசாரணை நிம்மதியாக எழுதிக்கொண்டாள். “ஆனா, அதை எழுதித் தர்றது அதிகாரிங்க” என்றார். அதையும் எழுதினாள். “ஆனா, அதிகாரிங்க காதுல ஓதுறது யாரு?” என்றார். அடித்துவிட்டு எழுதினாள். வகுப்பு முடியும்போது அதிகாரம் யாரிடமும் இல்லை, எல்லோரிடமும் இருக்கிறது என்ற இடத்தில் பாடம் வந்து நின்றது. மற்ற மாணவர்கள் அவருக்கு ‘ஆனா மேடம்’ என்று பெயர் வைத்திருந்ததில் தப்பே இல்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது அவளுக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் தெரியாது என்று வாய் திறந்து சொல்ல முடியாது, சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கே தெரியவில்லை என்றால், “நல்ல கேள்வி” என்று மேடம் முகம் மலர்ந்தார். வாரம் முழுக்கத் தெரிந்த மாதிரி நடித்துவிட்டு, வாரக் கடைசியில் வந்து தாராளமாகக் குழம்பிவிட்டுப் போவதில் ஒரு சுகம் இருந்தது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா விஷயம் வந்தது. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, கண்ணும் மங்கல். இனிமேல் தனியாக இருக்க முடியாது. அண்ணன், விசாரணை, தங்கை மூவருமே ‘அம்மா என் வீட்டுக்கு வரட்டும்’ என்று தங்களுக்குள் மல்லுக்கு நின்றார்கள். தங்கை வெளியூர், ரயிலில் போக வேண்டும். அவள் கணவனைக் கண்டாலே அண்ணனுக்கு ஆகாது. அண்ணிக்கும் அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். விசாரணையின் வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போனில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அம்மாவைக் கேட்டால், “என்னை இழுக்காதீங்க. மூணு பேரும் எனக்கு ஒண்ணுதான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று ஒதுங்கிக்கொண்டாள்.

படித்தவள் சும்மா இருப்பாளா? தங்கை ஊரிலிருந்து வந்திருந்த அன்று, அம்மா வீட்டு முன்னறையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது விசாரணை வகுப்பில் கற்ற ஒரு முறையை எடுத்துவிட்டாள். மூன்று வழி இருக்கிறது, மூன்று பேர் இருக்கிறோம். இரண்டிரண்டாக மோதவிட்டு ஓட்டுப் போடுவோம், ஜெயித்தது மூன்றாவதோடு மோதட்டும்.

“வீட்டுக்குள்ளயே எலெக்‌ஷனா!” என்று அண்ணன் சிரித்தான். ஆனால் அவனுக்கும் சண்டை அலுத்துவிட்டிருந்தது. “சரி, நடத்து.”

எதை முதலில் கேட்பது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. தன் வீட்டைக் கடைசிவரை பொத்தி வைத்தால் தன்னலம் மாதிரி தெரியும், முதலிலேயே களத்தில் இறக்கிவிடுவதுதான் பெருந்தன்மை என்று தோன்றியது. “என் வீடா, அண்ணன் வீடா?” என்றாள். அண்ணன் தன் வீட்டுக்குக் கை தூக்கினான். தங்கையும், “மூணு மாடி அம்மாவால முடியாதுக்கா” என்று அண்ணன் வீட்டுக்கே தூக்கினாள். விசாரணை வீடு தோற்றது. அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. அடுத்து, “அண்ணன் வீடா, தங்கச்சி வீடா?” அண்ணியை நினைத்து விசாரணை தங்கைக்குத் தூக்கினாள். தங்கை ஜெயித்தாள்.

தங்கைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. இருந்தும் “ஓட்டுன்னா ஓட்டுதான்” என்று கௌரவமாகச் சொன்னான். கதவு திறந்தே இருந்த உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “சரி” என்றாள். திரும்பவும் துணி மடிக்கப் போய்விட்டாள். விசாரணைக்கு அப்பாடா என்று இருந்தது. சண்டை தீர்ந்த நிம்மதி என்றுதான் அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஆனா மேடம் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டார். ஒரு ஊருக்குப் பாலம் கட்டுவதா, பள்ளிக்கூடமா, பூங்காவா என்று மூன்று உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பாலம் பள்ளியை ஜெயிக்கிறது, பள்ளி பூங்காவை ஜெயிக்கிறது, பூங்காவோ பாலத்தை ஜெயித்துவிடுகிறது! அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி வந்தன. “பெரும்பான்மைக்கு என்ன வேணும்னு கேட்டா பதிலே கிடையாது. ஆனா, ஊருக்கு ஏதோ ஒண்ணு வந்துடும். எது வரும்? எதை முதல்ல கேக்குறோமோ, அதைப் பொறுத்தது” என்றார் மேடம்.

விசாரணைக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்துகொள்ளலாமே என்று பாலத்தை அழித்துவிட்டு மூன்று வீடுகளைப் போட்டுப் பார்த்தாள். அண்ணன் வீடு தன் வீட்டை ஜெயித்தது. தங்கை வீடு அண்ணன் வீட்டை ஜெயித்தது. தங்கை வீட்டையும் தன் வீட்டையும் மோதவிட்டிருந்தால்? தங்கை கணவனைக் கண்டாலே ஆகாத அண்ணன் தனக்குத்தான் கை தூக்கியிருப்பான். தன் கையும் தனக்கே. அப்படியென்றால், அண்ணன் வீட்டையும் தங்கை வீட்டையும் முதலில் மோதவிட்டுத் தன் வீட்டைக் கடைசியில் கேட்டிருந்தால், அம்மா இப்போது தன்னிடம் வந்துகொண்டிருப்பாள். பெருந்தன்மை என்று நினைத்துச் செய்தது அம்மாவை ரயிலேற்றிவிட்டது.

கையைத் தூக்கினாள். “மேடம், வரிசை போட்டவங்களுக்கே என்ன செய்யறோம்னு தெரியலைன்னா?”

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். “தெரியாமப் போட்டாலும் முடிவு முடிவுதாங்க. ஆனா, நிஜமாவே தெரியாமத்தான் போட்டாங்களான்னு அவங்களைத்தான் கேக்கணும்.”

அன்றே அண்ணனைப் போனில் பிடித்தாள். திரும்ப ஓட்டு வைக்க வேண்டும் என்றாள். “தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க” என்று அவன் வைத்துவிட்டான். ஜெராக்ஸ் கடைக்கு இறங்கிப்போய்க் கணவரிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கியபடியே கேட்டார்.

“எப்படிக் கேட்டா யார் ஜெயிப்பாங்கன்னு உனக்கு இப்ப தெரியும். இனிமே நீ நடத்துறதுக்குப் பேரு ஓட்டா?”

“அப்ப என்னதாங்க செய்யறது?”

“ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. அத்தை இங்க வரணும்னு உனக்கு இருக்கா?”

“என்ன கேள்வி இது! என் வீட்டுக்குத்தானே கையைத் தூக்கினேன்?”

“தூக்கின. தோக்குற இடத்துல தூக்கின.”

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. படபடவென்று மூன்று மாடியும் ஏறி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் இறங்கியதும் கேள்வி மட்டும் மிஞ்சியது. அம்மா வந்தால் வார நாட்களில் சமாளித்துவிடலாம், கணவர் அவ்வப்போது மேலே வந்து பார்த்துக்கொள்வார். சனி ஞாயிறுதான் கடையில் கூட்டம் அதிகம். அப்போது கண் சரியாகத் தெரியாத அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வகுப்புக்குப் போக முடியுமா? முடியாது. அம்மா வந்தால் படிப்பு போகும். இந்தக் கணக்கு ஓட்டெடுப்பு நடந்தபோது மனத்தில் ஓடியதா? ஓடியது போலவும் இருந்தது, ஓடாதது போலவும் இருந்தது. அம்மா மேல் உயிர் என்பது பொய்யில்லை. அந்த அப்பாடாவும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து அவளுக்கு அழுகைதான் வந்தது.

தங்கை அம்மாவை அழைத்துப் போக வர வேண்டிய நாளுக்கு முந்தின காலை, விசாரணை வகுப்புக்குப் போகாமல் அம்மா வீட்டுக்குப் போனாள். சுவரெல்லாம் காலி. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி மருந்துப் பட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணை நின்றபடியே பாலம், பள்ளிக்கூடம், பூங்கா, மூன்று வீடு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“எனக்கு இதெல்லாம் புரியாதுடி” என்றாள் அம்மா. “ஆனா உன் வீடு தோத்ததும் நீ ஒரு மூச்சு விட்ட பாரு, அது உள்ள வரைக்கும் கேட்டுது.”

அம்மா அடுத்த மருந்துப் பட்டையைத் தடவி எடுத்தாள்.

“உன்னால முடியாதுன்னு நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் எனக்கே சரியாப் போயிருக்கும். மூணு பேரும் கை கையாத் தூக்குனீங்களே, ஒருத்தராவது உள்ள வந்து வாம்மான்னு கூப்பிட்டீங்களா?”

விசாரணை கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய் குழறியது. “எனக்கு நீயும் வேணும்மா. அந்தக் கிளாஸும் வேணும். ரெண்டும் எப்படின்னு தெரியல. யோசிச்சுப் பார்த்துட்டேன், சத்தியமா தெரியல.” மூக்கை உறிஞ்சினாள். “வாம்மா.”

அம்மா டப்பாவை மூடினாள்.

“இன்னிக்குக் கிளாஸ் இல்லையா?”

“இருக்கு. போகல.”

“நான் வர்றதுக்கு முன்னாடியே மட்டம் போட ஆரம்பிச்சாச்சா? இப்படின்னா நான் வரமாட்டேன்.”

“நான் போய்ட்டா உன்னை யாரும்மா பார்த்துக்கிறது? மூணு மாடி எப்படி ஏறுவ?”

“எனக்கென்னடி தெரியும்?” என்றாள் அம்மா. “அந்தத் தலகாணியையும் எடுத்துக்கோ. உன் தங்கச்சிக்கு நானே சொல்லிக்கிறேன்.”