நோயாளி சந்திப்பு, ஞாயிறு நாலு மணி

எங்கள் வீட்டில் குற்றாலத்து அருவிக்குக்கூட நேரம் குறித்திருந்தது. ஆடி மாதம் முதல் சனிக்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை. சாரல் பொய்த்துப் பாறை காய்ந்து கிடந்தாலும் துண்டோடு போய் நின்றுவிட்டுத்தான் வருவோம்.

அப்பா தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். சபைக் கமிட்டியிலும் இருந்தார். நேரம் கர்த்தருடையது, அதை வீணாக்குவது திருட்டு என்பார். சுவரில் அட்டவணை தொங்கியது. குறித்த வேலையை நேரத்தில் செய்தால் சரி போட வேண்டும், தவறினால் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. பென்சில் என் பொறுப்பு. எட்டு வயதில் எனக்கு வாய்த்த அதிகாரம் அது, விடுவேனா!

ஒரு ஆனி மாதம், மேலகரத்திலிருந்து சித்தப்பா ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவின் தங்கையான சித்திக்குக் காய்ச்சல், அக்காவைப் பார்க்க வேண்டுமென்று பிதற்றுகிறாளாம். அன்று திங்கட்கிழமை. அம்மா கேட்டபோது அப்பா அட்டவணையைத்தான் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நோயாளி சந்திப்பு இருக்குல்லா? அப்பம் போவோம்.”

“அதுவரைக்கும் காய்ச்சல் காத்துக்கிட்டா இருக்கும்?”

அதற்குள் ஜெப நேரம் வந்துவிட்டது. வழியில் எவர் கூப்பிட்டாலும் நின்றுவிடுகிற ஆண்டவரிடம், நிற்கத் தெரியாத மனிதர் முழங்கால் போட்டார். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எரிந்து என்ன செய்ய? நான் மட்டும் யோக்கியமா? வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை, அப்பா கமிட்டிக்குப் போயிருந்தார். அம்மா நல்ல சேலை கட்டிக் குடையும் கையுமாக நின்றாள்.

“ஏட்டி, அப்பா வாரதுக்குள்ள ஓடிப் போயிட்டு வந்திருதேன். அந்தப் பென்சில மட்டும் தொடாத, என்ன?”

“இது தையல் நேரம்லா? பெருக்கல் போடாட்டி பொய்யாயிருமேம்மா.”

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு குடையை மூலையில் சாத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். நான் சரி போட்டேன்.

சனிக்கிழமை மாலை சித்தி செத்துப்போனாள். மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். மேலகரம் கல்லறைத் தோட்டத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அப்பா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் கையை இழுத்தேன்.

“அம்மா, கரெக்டா நாலு மணிக்கு வந்துட்டோம்!”

அம்மா தன் கையை உருவிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், நோயாளி சந்திப்புக்கு நேராக அம்மா பெயரில் மறக்காமல் ஒரு சரி போட்டேன். அதன்பிறகு அம்மா எங்கும் போகக் கேட்டதில்லை. அவள் பெயரில் ஒரு பெருக்கல்கூட விழவில்லை. அம்மா திருந்திவிட்டாள் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.