பாலத்துக்கு அடியில் நிற்பவர்கள்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. ஜன்னல், கேட், போன்... மறுபடியும் ஜன்னல். உங்களில் பல பேருக்கும் இந்த வியாதி இருக்கும். வீட்டில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனால் போதும், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஜொகூர் பாருவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ‘மழை கொட்டுது. பாலத்துக்குக் கீழ நிக்கிறேன்.’

எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை. வழக்கமான பாலம்தான். நம் ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹைவேயில் மழை பிடித்தால் என்ன செய்வார்கள்? அடுத்த மேம்பாலத்துக்கு அடியில் ஓரம் கட்டுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், வங்காளதேசத்துத் தொழிலாளி என்று முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சிலர் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள், சிலர் விடும்வரை காத்திருப்பார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார் — அதே ஹைவேயில் லாரி ஒன்று சறுக்கிவிட்டதாம். ‘பாலம் பக்கம்’ என்று மட்டும் இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இந்த முறை மணியே அடிக்கவில்லை.

யாரைக் கேட்பது? மாலதியைத்தான்.

மாலதி என் வீட்டுக்காரரின் தங்கை. ஹைவேயைக் கேமரா வழியாகப் பார்க்கும் ஒரு கண்காணிப்பு மையத்தில் இன்ஜினியர். எங்கேயாவது கார் நின்றால், விபத்து நடந்தால், கேமரா படத்தைப் பார்த்து சிஸ்டமே அலாரம் அடிக்கும். அந்த சாப்ட்வேர் ‘ஓப்பன் சோர்ஸ்’. அதாவது, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், தேவைக்கு ஏற்றபடி மாற்றலாம். தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே பெருமை அடித்துக்கொண்டாள். “முந்தின சாப்ட்வேர்ல ஒரு சின்ன மாத்தம் வேணும்னாலும் வித்த கம்பெனிகிட்ட கெஞ்சணும் அண்ணி. இப்ப நாங்களே திறந்து நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திட்டோம் லா!”

சும்மா கிடைப்பதை நம்பியா ஹைவேயை ஓட்டுகிறீர்கள் என்று அன்றைக்குக் கிண்டல் செய்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை கிண்டல் செய்யும் நிலையில் நான் இல்லை.

“மாலதி, பாலத்துக்கிட்ட லாரி விழுந்துருச்சாமே? உங்க அண்ணன் அங்கதான் நிக்கிறாரு!”

“இல்லையே அண்ணி. ஸ்கிரீன் கிளீனா இருக்கு, ஒரு அலாரமும் வரல. பயப்படாதீங்க.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் அவள் கேட்டாள்: “எந்தப் பாலம்?”

சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“மாலதி?”

“அலமாக்... ஐயோ...” என்றாள். அவ்வளவுதான். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. யாரிடமோ மலாயில் கத்தினாள். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. லைனை அவள் துண்டிக்கவில்லை, மறந்துவிட்டாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சாலையோரம் வண்டி நின்றால் அந்த சாப்ட்வேருக்கு அது கோளாறு, அலாரம் அடிக்கும். எழுதினவர்கள் ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது. நம் ஊரிலோ, மழை வந்தாலே பாலத்துக்கு அடியில் இத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலாரம். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்குத் தலைவலி. மாலதி என்ன செய்தாள்? கேமரா படத்தில் பாலத்துக்கு அடியை ஒரு கட்டம் போட்டு, ‘இந்த இடத்தைக் கண்டுகொள்ளாதே’ என்று எழுதிவிட்டாள். நம் ஊருக்கு ஏத்த மாதிரி மாற்றியது இதைத்தான்.

உலகமே திறந்து கொடுத்த சாப்ட்வேரை வாங்கி, முதல் வேலையாக அதன் ஒரு கண்ணைக் கட்டியிருக்கிறோம்! லாரி சறுக்கி வந்து ஏறியது சரியாக அந்தக் கட்டத்துக்குள். அன்றைக்கு அலாரம் அடித்தது சிஸ்டம் இல்லை. நான்.

அன்றைக்கு ஒரு வழியாக என் வீட்டுக்காரர் வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டார். “எனக்கு ஒன்னும் இல்ல லா. மோட்டரு நசுங்கிருச்சு. என் போனு அதுலதான் இருந்துச்சு.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“தூணுக்குப் பின்னால... ஒன்னுக்கு ஒதுங்கப் போயிருந்தேன்.”

சிரிப்பதா அழுவதா? அழுதேன். அவருக்கு முன்னால் நின்றிருந்த மலாய் இளைஞனுக்குக் கால் முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை இவர்தான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். “ரொம்ப நேரம் யாருமே வரல” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாலதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோசையைத் தொடவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. முகத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததை விட்டுவிட்டு அவள் தட்டில் சட்னி ஊற்றினேன். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையிலேயே திறந்தாள்.

“கட்டத்த எடுத்துட்டா மறுபடி அலாரம் கத்திக்கிட்டே இருக்கும் அண்ணி. ரெண்டு நாள்ல வேற யாராச்சும் அமுக்கிடுவாங்க. அதான் புதுசா எழுதுறேன்.”

இப்போது மழையில் பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்தால் அலாரம் அடிக்காது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் மின்பலகையில், வேகத்தைக் குறை, ஓரத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எரியும். பெரிய வண்டி ஏதாவது அந்த ஓரத்துக்குள் வந்தால் அலாரம் அடித்துக் காது கிழியும். எழுதியதை உலகத்துக்கும் அனுப்பி வைத்தாள் — திருத்தினால் திருப்பிப் பகிர்வது அவர்கள் வழக்கமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோசைக்கு வந்தபோது, பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: இவர்கள் ஏன் பாலத்துக்கு அடியில் நிற்கிறார்கள்? மழைக்கு ஒதுங்குவதற்குத் தனி இடம் கட்டித் தரவில்லையா?

“கட்டியிருக்கு. ஆனா கொஞ்சம் தள்ளி இருக்கு. அண்ணா, நீங்க ஏன் அங்க போகல?” என்று அவரிடமே கேட்டாள்.

என் வீட்டுக்காரர் தோசையிலிருந்து தலையைத் தூக்கினார். “மழை அங்க வந்து ஆரம்பிக்கலையே!”

மாலதி அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதியதை ஏற்றுக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், தொந்தரவாக இருக்கிறது என்று நாம் எத்தனை பேரை இப்படிக் கட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறோம்? திரை சுத்தமாக இருந்தால் ஊரும் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. பழைய வியாதி. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துவிட்டு, தாங்காமல் மாலதிக்குப் போன் அடித்தேன்.

“பாலத்துக்கு அடியில நிறைய பேரு நிக்கிறாங்க அண்ணி. போர்டு எரியுது. லாரிங்க மெதுவாத்தான் போகுது.”

“அதுல உங்க அண்ணன் இருக்காரா, பாரேன்.”

“எது யாருன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது அண்ணி. எல்லாரையும் பாத்துக்கிட்டு இருக்கு.”

எல்லாரையும் பார்த்தால் அவரையும் பார்த்த மாதிரிதானே?